அந்த மணியை அடித்தது நான் இல்லை (பள்ளிக்கூடக் கதை வச்சிருக்கவங்க போடுங்க)

வெற்றிலைக்கொடி · சனி, இரவு 9.12

நேற்று பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் என் எட்டாம் வகுப்பு டி.சி. கிடைத்தது. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. அதை எழுதின கைதான் அந்த வருஷம் என் முதுகில் எட்டு அடி அடித்தது. அதுவும் நான் செய்யாத தப்புக்கு. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

1989. சோழவந்தான் பக்கம், சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்காலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். நடுநிலைப் பள்ளி. எச்.எம்.மையும் சேர்த்து ஐந்து வாத்தியார்கள். பியூன் கிடையாது. மணி என்பது வேப்பமரக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, ஒன்றரை முழம் இருக்கும். அடிப்பதற்குத் தலைப்பு வளைந்த ஒரு இரும்புக் கம்பி, மரத்தடியிலேயே கிடக்கும். வகுப்பு மாற ஒரு தட்டு, இடைவேளைக்கு ரெண்டு, நிற்காமல் அடித்தால் லாங் பெல், வீட்டுக்குப் போகலாம்.

அன்றைக்கு எச்.எம். ஏதோ சம்பளப் பட்டியல் விஷயமாக வாடிப்பட்டிக்குப் போயிருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். வாய்க்கால் ஓரம் நிற்கும்போதே மணி அடித்தது. ஒழுங்காக இல்லை. டங்... டங்டங்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... டங். குடிகாரன் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் விடாமல் அடித்தது. விடாமல் அடித்தால் லாங் பெல். அதற்கு மேல் யார் யோசிக்கப் போகிறார்கள்?

நான் கால்சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு திரும்புவதற்குள் பள்ளிக்கூடம் காலி. ஒண்ணாப்புப் பிள்ளைகள் மஞ்சப்பையைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். கணக்கு சார் வேட்டியை மடித்துக் கட்டிச் சைக்கிளில் ஏறிப் பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கையில் வாட்ச் கட்டின ஒரே ஆள் அவர்தான்.

மூன்றரைக்கு எச்.எம். வந்து பார்த்தால் சத்துணவு ஆயா மட்டும் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விசாரணை. மணி அடித்தபோது வகுப்புக்கு வெளியே இருந்தவன் யார்? நான் ஒருத்தன்தான். அந்த இரும்புக் கம்பியையும் காணோம். தேடினால் சத்துணவுக் கூடத்து விறகுக் குவியலுக்குள் கிடக்கிறது. "அடிச்சதும் இல்லாம ஒளிச்சு வேற வைக்கிறியா?" புளிய விளார். ஒவ்வொரு அடிக்கும் "நான் இல்ல சார்" என்றேன். எட்டுத் தடவையும் அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா தன் பங்குக்கு அகப்பைக் காம்பால் ரெண்டு.

இன்றைக்கும் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் என்னைப் பார்த்தால், "என்ன பங்காளி, லாங் பெல் அடிச்சாச்சா, எந்திரிக்கலாமா?" என்பார்கள்.

சரி, உங்கள் கதையைப் போடுங்க. ஒரே ஒரு கட்டுப்பாடு: மாட்டின கதையாக இருக்கணும். தப்பித்த கதை எல்லாரிடமும் இருக்கும், அதில் பாதி பொய்.

கடைசிபெஞ்ச் · 9.26

அண்ணே, அடிச்சது நீங்கதான். ஒத்துக்கங்க. இனிமே யாரு கேக்கப் போறா?

வெற்றிலைக்கொடி · 9.28

பார்த்தீங்களா, இதுதான் என் நிலைமை.

செல்லூர்த் தறி · 10.05

என் கதை 1996. எங்கள் வீட்டில் கைத்தறி. அப்பா காலையில் தறிக்குழியில் காலை விட்டால் சாயங்காலம்தான் எடுப்பார். நான் ஒன்பதாவது. காலாண்டில் ஐந்து பாடத்தில் நாலு போச்சு. "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்" என்றுவிட்டார் எச்.எம். அப்பாவிடம் சொல்வதற்குப் பதில் வைகையில் குதிக்கலாம். ஆனால் வைகையில் தண்ணி கிடையாது.

அதனால் ஒரு அப்பாவை வாடகைக்கு எடுத்தேன். கோரிப்பாளையம் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் மாஸ்டர், எனக்குப் பழக்கம். மீசை எங்கப்பா மீசை மாதிரியே இருக்கும். பத்து ரூபாய் பேசி அஞ்சு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். பாவம், மனுஷன் தொழில் சுத்தமாகச் செய்தார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். என்ன குளித்தாலும் அந்தச் சால்னா வாசனை மட்டும் போகவில்லை.

எச்.எம். எங்களை நிற்க வைத்துவிட்டு மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீ இங்கதான படிச்ச?"

மாஸ்டருக்கு வேர்க்க ஆரம்பித்தது. "ஆமா சார்."

"ஒம்பதாவது பி. லேப் ஜன்னல் கம்பியை வளைச்சு வெளிய குதிச்சு ஓடுனவன். அன்னைக்குப் போனவன் இன்னைக்குத்தான் திரும்பி வர்றியா?"

மாஸ்டர் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார். அந்த ஜன்னல் உடைந்த காலத்தில் எச்.எம். அங்கே அறிவியல் வாத்தியாராக இருந்திருக்கிறார். அது எனக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் ஞாபகம் இல்லை.

"பையன் அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கான். ரெண்டு பேரும் வெளிய போயி முட்டி போடுங்க."

போட்டோம். வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில். மூணாவது பீரியடு மணி அடிக்கிறவரை மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வாயை அசைக்காமல் சொன்னார்: "பாக்கி அஞ்சு ரூவாயை இப்பவே குடு."

சாயங்காலம் நிஜ அப்பா வந்தார். அந்தப் பகுதி இங்கே வேண்டாம்.

கடைசிபெஞ்ச் · 10.11

நிஜ அப்பா பகுதிதான வேணும்!

பூக்கட்டும் வீடு · 10.48

செல்லூர் அண்ணன் கதையைப் படித்துப் பக்கத்தில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிட்டது. என் கதை இவ்வளவு பெரிசில்லை.

எங்கள் வீட்டில் பூக் கட்டுவார்கள். மார்க்கெட்டிலிருந்து உதிரி மல்லி வரும், கட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முகூர்த்த நாளானால் வீட்டில் அடுப்பு எரியாது, எல்லார் கையிலும் நூல்தான். அப்படி ஒரு நாள் அரைக் கிலோ மொட்டை ஈரத்துணியில் சுருட்டி டிபன் கூடைக்குள் வைத்து அம்மா என்னிடம் கொடுத்துவிட்டது. இடைவேளையில் கட்டச் சொன்னது. இடைவேளையில் விளையாட வேண்டாமா? அதனால் வரலாறு வகுப்பில் கட்டினேன்.

பூக் கட்டுவதற்குக் கண் வேண்டாம். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைப் பிடித்திருக்கும். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம் காம்பு, ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் காம்பு. நூலை வலது கையால் ஒரு சுழற்று சுழற்றி உள்ளே விட்டு இழுத்தால் ஒரு கண்ணி. டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முகலாயர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே, டெஸ்க்குக்கு அடியில் மடியில் முழம் முழமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மல்லி மொட்டு சாயங்காலம்தான் விரியும். அன்றைக்கு வெக்கை. கடைசி பீரியடிலேயே வாய் திறக்க ஆரம்பித்துவிட்டது. வாசனை கும்மென்று ஏறியது. டீச்சர் ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். நான் பயப்படவில்லை. ஐம்பது பிள்ளைகள் தலையிலும் பூ இருக்கிறது, யாரை என்று பிடிப்பார்கள்?

காட்டிக் கொடுத்தது நூல்கண்டு. மடியிலிருந்து நழுவி விழுந்து, உருண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே போய் டீச்சர் செருப்பில் முட்டி நின்றது. டீச்சர் குனிந்து எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பெஞ்சாக நடந்து வந்தார். அறுந்த பட்டத்து நூலைச் சுற்றுகிறவர் மாதிரி. நூல் முடிந்த இடத்தில் நான்.

"எத்தனை முழம்?"

"பதினொன்று டீச்சர்."

"மிச்சத்தையும் வெளிய உக்காந்து கட்டி முடி. ரெண்டு முழம் அபராதம்."

வராந்தாவில் காற்றும் வெளிச்சமுமாக இருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அடுத்த முகூர்த்த நாளன்று டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பேரில் நின்று, "இன்னிக்கு வெளிய உக்காரலையா?" என்று கேட்டார்.

தெப்பக்குளம் · 10.55

அபராத முழம் யார் கையால் அளந்தது, உங்க கையா டீச்சர் கையா?

பூக்கட்டும் வீடு · 10.57

டீச்சர் கை. பெரிய கை. அதில்தான் நஷ்டம்.

தெப்பக்குளம் · 11.08

நமக்கு மாட்டின கதை ஒன்றே ஒன்று. ஆறாவதில் நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனார்கள். சார் எங்களைச் சமாளிக்க முடியாமல், "தூணை எல்லாம் சரியா எண்ணிட்டு வர்றவனுக்கு ரெண்டு பால் ஐஸ்" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கூட்டம் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் கையைக் கோத்தாலும் ஐந்தாவது ஆளின் கை தேவைப்பட்டது.

எண்ணினவர்கள் 190 என்றும் 263 என்றும் வந்து நின்றார்கள். நான் 248 என்றேன். சரியான விடை. "எப்படிடா எண்ணுன?" என்று சார் கேட்டதுதான் தாமதம், "அந்தா நிக்கிறாரே கைடு, அவர் வெள்ளைக்காரங்ககிட்ட சொல்லிட்டு இருந்தாரு சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஐஸ் கைடுக்குப் போனது. அவர் நிஜமாகவே வாங்கித் தின்றார், அதுதான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போடி பாசஞ்சர் · ஞாயிறு, காலை 6.40

மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலில் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நான் வடபழஞ்சியில் ஏறி உசிலம்பட்டியில் இறங்குவேன். முன் பெட்டியிலிருந்து இறங்கி ஒரு கை இலந்தைப்பழம் பொறுக்கிக்கொண்டு கடைசிப் பெட்டியில் ஏறலாம், அந்த வேகம். வகுப்பு வாசலில் நின்று "ட்ரெய்ன் லேட்டு சார்" என்றால் போதும், யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். ட்ரெய்ன் சரியான நேரத்துக்கு வந்த நாட்களிலும் அதைச் சொல்லிப் பஸ் ஸ்டாண்டில் பணியாரம் தின்றுவிட்டுப் போவேன். நாலு வருஷம் ஓடியது.

2010 டிசம்பர் கடைசியோடு அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். பொங்கல் லீவு முடிந்து பஸ்ஸில் போனேன். பணியாரம் வழக்கம் போல. வாசலில் நின்றேன். வாய் அதுபாட்டுக்கு,

"ட்ரெய்ன் லேட்டு சார்."

வகுப்பு முழுக்க அமைதி. சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு லேட்டு?"

அப்பவும் எனக்கு உறைக்கவில்லை. "அரை மணி நேரம் சார்."

"அரை மணி நேரமா? எனக்கென்னமோ பத்து வருஷம் ஆகும்னு தோணுது. அதுவரைக்கும் வெளியவே நில்லு."

சார் சொன்னதுக்கும் மேலேயே ஆனது. 2022 மே 26-ம் தேதிதான் மதுரையிலிருந்து தேனி வரைக்கும் மறுபடி ரயில் விட்டார்கள். அன்றைக்கு சாரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் பண்ணி, "சார், ட்ரெய்ன் வந்திருச்சு, உள்ள வரலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "லேட்டுக்கு லெட்டர் கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

செல்லூர்த் தறி · 7.15

இந்த சார் காலைத் தொட்டுக் கும்பிடணும்.

ரெண்டாயிரத்துப் பதினொன்னு · 8.30

பெரியவங்க கதைக்கு நடுவுல சின்னப் பையன் வந்துட்டேன், மன்னிக்கணும்.

நான் 2011-ல் பத்தாவது, மேலூர் பக்கம். எங்கள் செட்டுக்கு இருக்கிற பெருமை வேறு யாருக்கும் கிடையாது: ஜூனில் பள்ளி திறந்து ஆகஸ்ட் வரை புத்தகம் இல்லாமல் படித்தோம். சமச்சீர்ப் பாடமா பழைய பாடமா என்று கேஸ் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறவரை எங்களுக்கு எதை நடத்துவது என்று வாத்தியார்களுக்கே தெரியாது. கணக்கு சார் வாய்ப்பாட்டைத் திரும்ப ஆரம்பித்தார். பத்தாவதில் வாய்ப்பாடு! பி.இ.டி. சாருக்குத்தான் பொற்காலம், ஒரு நாளைக்கு மூணு பீரியடு வாலிபால். சாயங்காலம் ஏழு மணி நியூஸை நான் விடாமல் பார்த்தேன். "புள்ளைக்குப் பொது அறிவு வந்துருச்சு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். நான் பார்த்தது, நாளைக்கும் கேஸ் தள்ளிப்போகுமா என்று.

தீர்ப்பு வந்ததும் புத்தகமும் வந்தது. ஆனால் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள், சில இடத்தில் கறுப்பு மை. முந்தின ஆட்சி சம்பந்தப்பட்ட வரிகள் என்று சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பையனிடம் ஒரு பக்கத்தை மூடிக் கொடுத்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் படிப்பான்? அந்தப் புத்தகத்தில் நான் முழுசாகப் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

மாட்டினது எப்படி என்றால், நகத்தால் கிள்ளிக் கிள்ளி ஸ்டிக்கரை முழுசாக எடுத்துவிட்டேன். பசை அப்படியே இருக்கிறது. எங்கேயாவது ஒட்டணுமே. முன் பெஞ்சுக்காரன் முதுகில் ஒட்டினேன். அடுத்த நிமிஷம் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார் சார். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குப் போடுகிறான், முதுகில் பள்ளிக் கல்வித் துறை ஸ்டிக்கர். சார் அதைப் படக்கென்று பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தப் பக்கத்துது?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று பக்க நம்பரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வாடிப்பட்டி வேங்கை · 9.50

வெற்றிலைக்கொடி அண்ணே, நானும் அந்தப் பள்ளிக்கூடம்தான். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வெண்கல மணியை அடித்தது நான். என்னை மன்னிச்சிருங்க.

வெற்றிலைக்கொடி · 9.58

தம்பி, அது தண்டவாளம்.

வாடிப்பட்டி வேங்கை · 9.59

ஆமா ஆமா, தண்டவாளம். புளியமரத்துல தொங்குமே.

வெற்றிலைக்கொடி · 10.00

வேப்பமரம். போங்க தம்பி, போய்க் குளிச்சுட்டுச் சாப்பிடுங்க.

ஆகவே சார் · 11.20

எல்லாரும் மாணவர்களாகவே இருக்கிறீர்கள். எதிர்க்கட்சி சார்பில் ஒருவன் பேசுகிறேன். 34 வருஷம் கணக்கு ஆசிரியர், மதுரை மாவட்டத்தில்தான், பணி ஓய்வு பெற்றாகிவிட்டது.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் எங்களுக்கு வைக்கிற பட்டப்பெயர் எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் நாங்களே அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வோம். ஒவ்வொரு கணக்கின் கடைசி வரியிலும் நான் 'ஆகவே' என்று சொல்வேன், அதனால் எனக்கு அந்தப் பேர். போன வருஷம் வங்கிக்குப் போனேன். மேலாளர் எழுந்து ஓடி வந்து, எல்லார் முன்னாலும், "வணக்கம் ஆகவே சார்!" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடன் மனு அன்றைக்கே நகர்ந்தது.

இரண்டாவது, மணி. தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு. காவலாள் இல்லாத பள்ளியில் வெண்கல மணி வைத்தால் ஒரே வாரத்தில் பாத்திரக்கடைக்குப் போய்விடும். தண்டவாளத்தை எவனும் தொட மாட்டான், ரயில்வே போலீஸுக்குப் பயம்.

மூன்றாவது, வெற்றிலைக்கொடி தம்பிக்கு ஒரு கேள்வி. 'டங், டங்டங், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, டங்' என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் திருட்டுத்தனமாக அடித்தால் அப்படி அடிக்க மாட்டான். படபடவென்று பத்து அடி அடித்துவிட்டு ஓடுவான். இது கம்பியைத் தூக்க முடியாமல் தூக்கி அடித்த சத்தம். அந்தத் தண்டவாளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்கியது?

வெற்றிலைக்கொடி · 11.41

சார், வணக்கம். இந்தக் கேள்வியை அன்றைக்கு எங்கள் எச்.எம். கேட்டிருந்தால் என் முதுகு தப்பியிருக்கும்.

தாழ்வாகத்தான் தொங்கும். அஞ்சாவது படிக்கிற பையன்கள்தான் முறை வைத்து அடிப்போம், அதற்குத் தோதாக. அடியில் ஏறி நிற்க ஒரு துணி துவைக்கிற கல்லும் கிடக்கும்.

ஆகவே சார் · 11.50

ஆகவே, அடித்தது அஞ்சாவதுக்கும் கீழே. சத்துணவுக் கூடம் மரத்துக்கு எவ்வளவு பக்கம்?

வெற்றிலைக்கொடி · 11.58

பத்தடி. ஆயா அண்டா கழுவுகிற இடமே மரத்து நிழல்தான். ஆனால் சார், ஆயா மேல் சந்தேகப்படாதீங்க. தங்கமான மனுஷி. அந்த வருஷம்தான் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள், ரெண்டு வாரத்துக்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரு முட்டை விழும், எனக்கு மட்டும் சோற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கும். நான் தட்டைக் கிளறும்போது ஆயா வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டதில்லை. பார்க்கப் பாவமாக இருக்கிறேன் போல, எல்லாம் முகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே சார் · மதியம் 12.10

1956-ல் காமராசர் தொடங்கியது மதிய உணவு. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார். 1989-ல் முட்டை. இப்போது காலை உணவும் உண்டு, அதை 2022 செப்டம்பரில் தொடங்கியதே நம்ம மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். இத்தனை வருஷத்தில் எந்த அரசாணையிலும் ஒரு பையனுக்கு மட்டும் ரெண்டு முட்டை என்று கிடையாது. முகராசிக்கு முட்டை போடுகிற ஆயாவை நான் பார்த்ததில்லை தம்பி.

கடைசிபெஞ்ச் · 12.14

எனக்கு இப்ப கை நடுங்குது. யாராவது சொல்லித் தொலைங்கப்பா.

மூன்றுமாவடி · இரவு 8.35

வணக்கம் அண்ணே. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதுவதா வேண்டாமா என்று யோசனை. மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆயா என் அம்மா.

எனக்கு அப்போது நாலு வயது. வீட்டில் விட ஆள் இல்லாமல் என்னையும் கூடவே கூட்டிப்போகும். அம்மா வேலையை முடிக்க வேண்டும், அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டும், அது என்றைக்கும் லாங் பெல்லுக்கு அப்புறம்தான். அதைப் பார்த்துப் பார்த்து, மணி அடித்தால் அம்மா வீட்டுக்கு வரும் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன் போல. அன்றைக்கு அம்மா அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்ததாம். நான் கல்லின் மேல் ஏறி, ரெண்டு கையாலும் கம்பியைத் தூக்கி அடித்திருக்கிறேன். அண்டாவுக்குள் தலை இருந்ததால் முதல் ரெண்டு மூணு அடி அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவே இல்லையாம். கேட்டு ஓடிவந்து கம்பியைப் பிடுங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் விறகுக்குள் சொருகிவிட்டது. அதற்குள் பிள்ளைகள் எல்லாம் கேட்டைத் தாண்டிவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்தான். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். மறுநாள் உங்களை அடிக்கிறபோது அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததாம். எட்டு என்று எண்ணிக்கை கூட ஞாபகம் வைத்திருக்கிறது. நீங்கள் எட்டு என்று எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது.

எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் இந்தக் கதை ஓடும். "உன்னால ஒரு பிள்ளை அடி வாங்குச்சு" என்று சொல்லும். அந்தப் பிள்ளை யாரென்று நேற்று வரை எனக்குத் தெரியாது.

கடைசிபெஞ்ச் · 8.37

அண்ணே, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பூக்கட்டும் வீடு · 8.41

வெற்றிலைக்கொடி அண்ணன் எங்கே? ஆன்லைனில் காட்டுகிறது, எழுதவே இல்லை.

வெற்றிலைக்கொடி · 9.20

இருக்கிறேன். வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலு வயசுப் பிள்ளை மேல் எப்படிக் கோபப்படுவது? உன்னை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆரஞ்சு கலர் கவுனு, மூக்கு ஒழுகிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாய். அடி வாங்கிவிட்டு வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

அம்மா நல்லா இருக்காங்களா? நான் கேட்டதாகச் சொல். அடுத்த மாசம் ஊருக்கு வரும்போது வந்து பார்க்கிறேன். எட்டு அடிக்குக் கணக்குத் தீர்க்கணும், அன்றைக்குப் போட்ட முட்டை எல்லாம் எதில் சேரும் என்று கேட்டு வை.

மூன்றுமாவடி · 9.48

கேட்டுவிட்டேன் அண்ணே. அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்கிறது: எட்டு அடிக்கு ஒன்பது முட்டை போட்டாச்சாம். ஒரு முட்டை நீங்கதான் பாக்கியாம். வரும்போது கொண்டு வரச் சொல்கிறது.